‘பல்தானே!’ என்றவன் நான்

இந்தப் பொங்கலன்று நம் சங்கத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, நீண்ட நாள் பழக்கமுள்ள ஒரு மாமி என்னிடம், "உங்க பொண்ணு இப்ப என்ன படிக்கிறா?" என்று விசாரித்தார். "பல் மருத்துவம், ரெண்டாம் வருஷம்" என்றேன். "அடடா, எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்றார். அவர் மனத்தில் கள்ளம் ஏதுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால் நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சாம்பார் வாளி வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு இது கொஞ்சம் பயன்படக்கூடும்.

ஒரு வருஷம் போயிற்று

நான் கும்பகோணத்துக்காரன். 1991இல் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருப்பு. மகள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் எல்லோரையும் போலத்தான் அவளும்.

2023இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து நீட் எழுதினாள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போதாது, முயன்றால் பி.டி.எஸ். கிடைக்கலாம் என்ற அளவில் தரவரிசை வந்தது. அவள் தயங்கித் தயங்கி, "அப்பா, பி.டி.எஸ். பார்க்கலாமா?" என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "பல்தானே! அதுக்கா இவ்வளவு படிச்சே? இன்னொரு வருஷம் உட்கார்ந்து படி" என்றேன். திருச்சியிலிருந்து என் அக்காவும் தொலைபேசியில் அதையே சொன்னாள். மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒரு வருஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். காலையில் பயிற்சி வகுப்பு, மாலையில் மாதிரித் தேர்வு. துர்கா பூஜைக்குக்கூடத் தோழிகளோடு பந்தல் பார்க்கப் போகவில்லை. பாட்டு வகுப்பு நின்றது, பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. நான் அதைக் கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

2024 மே 5ஆம் தேதி இரண்டாம் முறை எழுதினாள். அந்த ஆண்டு சுமார் 23 லட்சம் பேர் எழுதினார்கள். ஜூன் 4ஆம் தேதி முடிவு வந்தது. மதிப்பெண் கூடியிருந்தது, தரவரிசையோ முந்தைய ஆண்டைவிடப் பின்னுக்குப் போயிருந்தது! அதன் பிறகு வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், உச்ச நீதிமன்ற வழக்கு என்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுதேர்வு இல்லை என்று நீதிமன்றம் ஜூலை 23ஆம் தேதி சொல்லும் வரை எதுவும் நிச்சயமில்லை. கவுன்சலிங் தொடங்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. நானோ மூன்றாம் முறைக்குப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் கேட்டு வைத்துவிட்டேன்.

ஓரமாக நின்று பார்த்தவள்

இந்தக் காத்திருப்பில்தான் அது நடந்தது. என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் சிகிச்சை. மூன்று நான்கு முறை போக வேண்டியிருந்தது. துணைக்குப் போன மகள், ஒரு நாள் அந்த வங்காளி டாக்டரம்மாவிடம் தானாகவே கேட்டிருக்கிறாள்: "நான் தினமும் வந்து ஓரமாக நின்று பார்க்கலாமா?"

பிரிட்டனில் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் முன்னதாகவே மருத்துவரோடு இருந்து வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்கவும் செய்கின்றன. நம் நாட்டில் அப்படி யாரும் கேட்பதில்லை. நீட் எண் ஒன்றுதான் கணக்கு. யாரும் கேட்காததால் நாமும் பார்ப்பதில்லை. பிள்ளை ஐந்து வருஷம் படித்து ஆயுள் முழுவதும் செய்யப்போகிற வேலையை ஒரு நாள்கூட நேரில் பார்க்காமல் சேர்த்துவிடுகிறோம், அல்லது என்னைப் போல வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம்.

டாக்டரம்மா சம்மதித்தார், ஆனால் நிபந்தனைகள் போட்டார். ஒவ்வொரு நோயாளியிடமும் அனுமதி கேட்ட பிறகுதான் உள்ளே நிற்கலாம். எதையும் தொடக் கூடாது. கைப்பேசி வெளியே இருக்க வேண்டும். இங்கே பார்த்தவரைப் பற்றித் தெருவில் பேசக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்போது வெளியே போய்விட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். தலைமுடியைக் கட்டி, மூடிய செருப்பு அணிந்து வர வேண்டும்.

முதல் நாளே ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். எலும்பிலிருந்து பல் பெயரும் சத்தம் கேட்டதும் இவளுக்குத் தலை சுற்றிவிட்டது. உதவியாளர் உட்கார வைத்துக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘சரி, இத்தோடு விட்டுவிடுவாள்’ என்று நினைத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மூன்று பத்தி நோட்டு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு மூன்று பத்திகள் கோடு போட்டு வைத்திருந்தாள். முதலாவது, பார்த்தது. இரண்டாவது, புரியாதது. மூன்றாவது, படித்துத் தெரிந்துகொண்டது. பகலில் கிளினிக்கில் முதல் இரண்டு பத்திகள் நிரம்பும். இரவில் மூன்றாவது.

மிட்டாய்க் கடையில் வேலை செய்யும் ஒருவர் வந்தாராம். முன்பற்கள் எல்லாம் ஈறோரமாகச் சொத்தை. பாகு பதம் பார்க்க நாள் முழுவதும் நாக்கில் வைப்பவர். ‘சர்க்கரையின் அளவைவிட, எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பது முக்கியமா?’ என்று இரண்டாம் பத்தியில் கேள்வி. மூன்றாம் பத்தியில் பதில்: ஒவ்வொரு தடவை இனிப்புப் போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன, அமிலத்தன்மை பி.எச். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த வாய் இனிப்பு வந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான். ஆனால் ஒரு தடவை போனால் மறுபடி வளராது.

ஆறு வயதுப் பையன் ஒருவன். பின்னால் உள்ள பெரிய பல்லில் குழி. "பால் பல்தானே, விழுந்துடும்" என்று தாயார் அலட்சியமாக இருந்திருக்கிறார். அது பால் பல்லே அல்ல! பால் பற்கள் இருபதுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. இதை அவள் படித்துக் காட்டியபோது நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவருக்கு ஈறு வீங்கிப் பற்கள் ஆடின. டாக்டரம்மா பல்லைத் தொடாமல் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, பொது மருத்துவரிடம் அனுப்பினாராம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். ‘பல் மருத்துவம் பல்லோடு முடிவதில்லை’ என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தாள்.

மூன்று விரல்

மூன்றாவது வாரம் ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்து நான் வழக்கம்போல் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தேன். கும்பகோணத்துக்காரனுக்கு வெற்றிலையும் சீவலும் இல்லாமல் சாப்பாடு முடியுமா? முப்பது வருஷப் பழக்கம். வெற்றிலை இல்லாத நேரங்களில் வெறும் சீவலே வாயில் அடங்கியிருக்கும்.

மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்பா, உங்க மூணு விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வைங்க பார்க்கலாம்" என்றாள். ஏதோ விளையாட்டு என்று வைத்தேன். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது போகவில்லை.

அவள் முகம் மாறிவிட்டது. "காரம் சாப்பிட்டா வாய் எரியறதா?" என்று கேட்டாள். எரிந்துகொண்டுதான் இருந்தது, ஒரு வருஷமாக! ரசம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டது, வாயு, உஷ்ணம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று பகலில் கிளினிக்குக்கு ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்திருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லையாம். பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறத் தோல் நார் நாராக இறுகிப்போகும் நோய் அது. சிலருக்குப் புற்றுநோயாக மாறும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே அறிவித்துவிட்டது. "நான் புகையிலை போடறதில்லையே" என்று இத்தனை வருஷம் பெருமை பேசியவன் நான்.

மறுநாள் நான் நோயாளியாக நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் முறைப்படி என்னிடம், "நான் உள்ளே இருக்கலாமா?" என்று அனுமதி கேட்டாள். டாக்டரம்மா கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, "ஆரம்ப நிலைதான். இறுகியது முழுவதும் பழையபடி ஆகாது. ஆனால் இன்றே பாக்கை விட்டு, நான் சொல்லும்போதெல்லாம் வந்து காட்டினால் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வாய் திறக்கும் பயிற்சியும் மருந்தும் கொடுத்தார். அன்று விட்டதுதான்.

"பல்தானே!" என்று நான் சொன்ன வாய் அது.

மாடி வீட்டுப் பையன்

இதைப் படித்துவிட்டு, கிளினிக் போனாலே எல்லாப் பிள்ளைகளும் பல் மருத்துவர் ஆகிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மாடி வீட்டுப் பையனும் அதே கிளினிக்கில் ஐந்து நாள் நின்றான். ஆறாம் நாள், "மாமா, எனக்கு இது வேண்டாம். நாள் பூரா குனிஞ்சுண்டு ஒரே இடத்தைப் பார்க்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். இப்போது புள்ளியியல் படித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். ஐந்து நாளில் தெரிந்துகொண்டது ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேண்டாம் என்று தெரிந்துகொள்வதும் லாபம்தான்.

டாக்டரம்மாவும் என் மகளிடம் எதையும் மறைக்கவில்லை. கழுத்து வலியும் முதுகு வலியும் இந்தத் தொழிலோடு வருபவை, அரசு வேலைகள் குறைவு, சொந்தமாகக் கிளினிக் வைக்க முதல் வேண்டும், ஆரம்ப வருஷங்களில் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டுதான் இவள் தொடர்ந்து போனாள்.

படித்தவை

நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிக்கு வரி படித்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு வேடிக்கை. பல்லைப் பற்றிச் சொல்லும் ‘செரிமானம்’ பாடம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தும், 2024 நீட் பாடத்திட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. பல் மருத்துவத்துக்கும் சேர்த்து நடக்கும் தேர்வில் பல்லுக்கு இடமில்லை! தெரிந்தவர் வீட்டுப் பழைய புத்தகத்தில் அந்தப் பாடத்தைத் தேடிப் படித்தாள்.

காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் வீலர் எழுதிய பல் உடற்கூறு நூலின் பழைய பதிப்பு ஒன்று கிடைத்தது. முதல் சில அத்தியாயங்களே போதும். ஒவ்வொரு பல்லுக்கும் ஏன் அந்த வடிவம் என்பது புரியும். மரே டிக்சன் எழுதிய, ‘பல் மருத்துவர் இல்லாத இடத்தில்’ என்று பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நூலும் அவளுக்கு மிகவும் உதவியது. கிராம சுகாதாரப் பணியாளர்களுக்காக எளிய நடையில், படங்களோடு எழுதியது. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட வாய் நல அறிக்கையையும் படித்தாள். உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறதாம்.

கைப்பழக்கமும் தேவை. முதல் ஆண்டில் மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு, குளியல் சோப்பில் கோரைப் பல் செதுக்கிப் பழகினாள். சோப்புக் கட்டிகள் மாயமாக மறைவதாக என் மனைவி ஒரு மாதம் புலம்பினாள்.

நம் ஊரின் கதையையும் தேடிப் படித்தாள். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1920இல் இதே கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1964இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா கல்கத்தாவில் பல் மருத்துவம் படித்து, 1923இல் பம்பாயில் கிளினிக் திறந்தார். இன்று நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நான் முப்பது வருஷமாக மௌலாலி வழியாகப் போய் வருகிறேன். அந்த முதல் கல்லூரி அங்கே இருப்பதை மகள் சொல்லித்தான் கவனித்தேன்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு

நம்மைப் போன்ற குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலத்தாருக்கு. நம் பிள்ளை எந்த மாநிலத்தவர் என்பதை இருப்பிடச் சான்று, பள்ளிப் படிப்பு, பெற்றோர் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு அந்தந்த மாநிலம் தீர்மானிக்கும். இரண்டு மாநிலத்திலும் உரிமை கோர முடியாது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டை இரண்டு மாநிலத்துக்கும் வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைக் காட்டி இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைப் பெற முடியாது என்பதையும் பலர் கடைசி நிமிஷத்தில்தான் அறிகிறார்கள். பம்பாய் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை ஒன்று தொடர்பான வழக்கில் 1990இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சான்றிதழ்களைப் பிளஸ் ஒன் படிக்கும்போதே சேகரிக்கத் தொடங்குவது நல்லது.

அவள் எடுத்த முடிவு

ஆகஸ்ட் மாதம் கவுன்சலிங் வந்தது. அதே மாதம் 9ஆம் தேதி கல்கத்தா மருத்துவமனை ஒன்றில் ஓர் இளம் பெண் மருத்துவருக்கு நேர்ந்த கொடுமை ஊரையே உலுக்கியது. "மருத்துவப் படிப்பே வேண்டாம்" என்று என் மனைவி அழுதாள். எனக்கும் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. மகள்தான், "அம்மா, பயந்து எல்லாரும் வீட்டுல உட்கார்ந்தா அங்கே யார் வேலை பார்க்கிறது?" என்றாள்.

பயிற்சி நிலையத்திலிருந்து மூன்றாம் முறைக்குப் பணம் கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "அப்பா, மிச்சமிருக்கிற சீட்டுன்னு இதை நான் எடுக்கலை. பார்த்துட்டு எடுக்கறேன்." நான் கைப்பேசியில், "வேண்டாம்" என்று பதில் சொன்னேன்.

மாநில ஒதுக்கீட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டுப் பயிற்சி. படிப்பு சுலபமில்லை. ஆனால் பாட்டு வகுப்புக்கு மறுபடி போகிறாள், சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறாள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரம்மாவிடம் வாயைக் காட்டிவிட்டு வருகிறேன். ரசம் கொஞ்சம் சாப்பிட முடிகிறது. அம்மா கொடுத்த பித்தளை வெற்றிலைச் செல்லத்தில் இப்போது மகளின் மெழுகு செதுக்கும் கருவிகள் இருக்கின்றன.

ஆகவே மாமி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, உண்மை. பி.டி.எஸ்.ஸை அவளேதான் தேர்ந்தெடுத்தாள்.

கடைசியாகச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் பல் மருத்துவர், பொது மருத்துவர், செவிலியர், வழக்கறிஞர், கட்டடப் பொறியாளர் என்று பலர் இருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் ஒரு வாரம் உங்கள் வேலையை ஓரமாக நின்று பார்க்க அனுமதிப்பவர்களின் பட்டியல் ஒன்றை நூலக அறிவிப்புப் பலகையில் போடலாமே! டாக்டரம்மா விதித்த நிபந்தனைகளை அப்படியே எழுதித் தர நான் தயார்.